மாரப்பன் வண்டி

"பொறுமையாப் பாருங்க சார், அவசரமே இல்லீங்க, பொண்ணு பாக்கற மாதிரிதானுங்க இதுவும்" என்று சொல்லி மூன்று சக்கரங்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்காரன் கிரிதரன் போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போய்விட்டான். வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த ஆள். செருப்பு வாங்குகிற மாதிரி என்று சொல்லியிருக்கலாம், சட்டைத்துணி எடுக்கிற மாதிரி என்று சொல்லியிருக்கலாம், பொருத்தம் பார்த்து எடுக்கிற சாமானுக்கா உலகத்தில் பஞ்சம், போயும் போயும் பொண்ணு பாக்கற மாதிரி என்றுதான் வாயில் வரவேண்டுமா, அதுவும் தெய்வானை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. நாச்சிமுத்து ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். காற்றாடிக்கு நேர் கீழே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் வாங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. விழாமல் இருக்குமா, அவளுக்கு எல்லாம் விழும், விழுந்ததைக் காட்டமாட்டாள், அவ்வளவுதான். சரி, சக்கரத்தைப் பார்ப்போம் என்று அவர் திரும்பிக்கொண்டார். முதலாவது அலாய், நட்சத்திரம் மாதிரி ஐந்து கை, கண்ணாடி போல மினுமினுப்பு, ஆனால் அறுபத்து நாலாம் வருஷத்து பியட்டுக்கு அதை மாட்டினால் கிழவன் பேரனுடைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டாவது கம்பி வைத்த ரிம், சைக்கிள் சக்கரம் போல, பார்க்க ராஜகளை, ஆனால் ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க யாரால் ஆகும். மூன்றாவது பழைய மாதிரியே இரும்பு ரிம், நடுவில் குரோமியக் கிண்ணம், அதற்கு வெள்ளைப் பட்டை போட்ட டயர். மூன்று மாதமாகப் போனில் படம் படமாகப் பார்த்து, தூக்கத்தில்கூடச் சக்கரம் சுற்றி, இந்த மூன்றுக்கு வந்து நின்றிருக்கிறார். பின்னால் ஷெட்டுக்குள் வண்டி நாலு சக்கரமும் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. இளம்பச்சையும் வெள்ளையுமாக, மெருகு ஏறி, மாப்பிள்ளை மாதிரி. சே, அந்த வார்த்தையே இன்றைக்கு வேண்டாம்.

அவள் வந்ததே பெரிய காரியம். இரண்டு வருஷமாக வண்டி பட்டறையில் கிடந்தது, ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்திருப்பாளா? வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் எலி குட்டி போட்டு, தரையெல்லாம் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்ததை, கதவுக் கைப்பிடிக்கு மும்பை, கண்ணாடி ரப்பருக்குச் சென்னை என்று ஆள் விட்டுத் தேடி, பம்பு கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்த சாமர்த்தியத்தையெல்லாம் இதில் காட்டி, கடைசியில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்று தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா ஆரத்தி எடுத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தெய்வானை சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கலர் மாத்தீட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான். சாம்பல் கலர் செத்த கலர், போட்டோவில் எடுக்காது என்று அவர் என்னமோ விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார், அவள் குக்கர் விசில் வந்துவிட்டது என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டியில் ஏறவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டிவலி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஏசி இல்லாமல் வேர்க்கும். வேண்டாம் என்று ஒரு தடவை முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட ஏன் என்று கேட்டிருக்கலாம். சொல்லமாட்டாள். இப்போதும் பட்டறை ஆள்தான் காலையிலேயே பியட்டைக் கொண்டுவந்து விட்டான், இவர்கள் இருவரும் வீட்டில் ஓடுகிற சின்ன காரில் வந்தார்கள். அதுவும் சக்கரம் பார்க்க வரவில்லை, ரெண்டு கடை தள்ளிக் கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது, அதற்காக வந்தவள். இருந்தும் அவருக்கு ஒரு நப்பாசை. வரும் ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் பழைய கார்களின் ஊர்வலம். வண்டிக்காரர்கள் எல்லாம் பட்டு வேட்டி, பக்கத்தில் பெண்டாட்டி பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. போன வருஷம் அவர் மட்டும் முன்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு போனார். மேடம் வரலீங்களா, மேடம் வரலீங்களா என்று கேட்டே கொன்றுவிட்டார்கள். இந்த வருஷம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் புதுச் சக்கரம், இந்தப் பவிசு எல்லாம், வேறென்ன. சக்கரத்தை அவளையே எடுக்கச் சொல்லிவிட்டால், நாம் எடுத்தது என்று ஒரு பிடிப்பு வராதா, ஏறமாட்டாளா?

ஆனால் ஏறி வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அங்கே மைக் இருக்கிறதே. போன வருஷம் மைக்கோடு வந்த பொடியன் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, சார் இந்த வண்டியோட கதை சொல்லுங்க, என்று கேட்டுக்கொண்டே வந்தான். முன்னால் நின்றவர் எங்க தாத்தா ஜமீன்ல இருந்தப்ப என்று ஆரம்பித்துப் பிளந்து கட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். மைக் இவர் வாய்க்கு வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை, வாய் பாட்டுக்குச் சொன்னது, இது எங்கப்பா வண்டி, குன்னூர்ல ஒரு எஸ்டேட் துரைகிட்ட எங்கப்பா ஆசைப்பட்டு வாங்கினது, அவரு சாகறவரைக்கும் தன் கையால ஓட்டுனாரு. அப்பாவுக்குச் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மருதாசலம், குன்னூருக்குப் போனதே ஒரு தடவை, அதுவும் பஸ்ஸில், வழியெல்லாம் வாந்தி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்று ராத்திரியே பாயில் புரண்டு புரண்டு யோசித்தார். எங்க மாமனார் வண்டி என்று சொல்லியிருக்கலாமே. சொன்னால் அடுத்த கேள்வி வருமே. ஓ, மாமனார் பரிசாக் குடுத்தாரா? அதற்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, இல்லை என்று சொல்லவும் எழவில்லை. அப்பாவும் மாமனாரும் ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று ஒரு குருட்டுத் தைரியம். உண்மை தெரிந்த ஒருத்தி வீட்டிலேயே உயிரோடு இருக்கிறாள் என்பது எப்படித்தான் மறந்ததோ. கருமம், அந்தப் பொடியன் அதை வீடியோ எடுத்து எங்கெங்கோ போட்டிருக்கிறானாம். தெய்வானை போனில் சமையலும் கோலமும்தான் பார்ப்பாள். அவள் கண்ணில் படாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. படாமலே போய்விட வேண்டும் சாமி.

வெள்ளைப் பட்டை டயரை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். ரப்பர் வாசம். அந்த வாசம் பழைய வண்டியில் இருந்ததில்லை, அதில் கொப்பரை வாசம்தான் அடிக்கும். உடுமலைப்பேட்டையில் கொப்பரை மண்டி வைத்திருந்தார் மாரப்பன். தெய்வானையின் அப்பா. மாதிரிக்கு எடுத்த கொப்பரையைச் சாக்கில் போட்டுப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாகப் போவார், அவரே ஓட்டுவார், டிரைவர் வைத்துக்கொண்டதில்லை. மாரப்பன் வண்டி வருது என்று ஆரன் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்களாம் ஊரில். பெண் பார்க்கப் போன அன்று நாச்சிமுத்து முதலில் பார்த்தது பெண்ணை அல்ல. வாசலில் வேப்பமரத்து நிழலில் சாம்பல் நிறத்தில் அது நின்றது. உள்ளே போகும்போதே அதன் முன்மூக்கை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போனார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அப்பாவுக்குக் கண் அப்படி. காராபூந்தியும் மைசூர்பாகும் வைத்தார்கள், நகை பேசினார்கள், மண்டபம் பேசினார்கள், எல்லாம் முடிந்த மாதிரி இருந்தபோது அப்பா தொண்டையைக் கனைத்தார். "நாங்க வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்கறவங்க இல்லீங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்வீங்க. பையந்தான் தெனமும் கம்பெனிக்கு பஸ்ல தொங்கீட்டுப் போறான், நாளைக்கு உங்க பொண்ணும்தான தொங்கோணும். புதுசெல்லாம் எதுக்குங்க வீண் செலவு, வாசல்ல நிக்குதே, அதுவே போதும்." அதுவே போதுமாம். என்ன பெருந்தன்மை. மாரப்பன் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது, ஆனால் கையில் எடுத்த வெற்றிலை வாய்க்குப் போகாமல் நின்றது. உள்ரூம் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. எல்லாரும் ஒரு தடவை மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து காராபூந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு, பெரியவங்க பேசும்போது நாம் எப்படிக் குறுக்கே பேசுவது, என்று பிற்பாடு தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டதுண்டு. பொய். அந்த நேரத்தில் அவருக்கு வந்தது கூச்சமே அல்ல, சந்தோஷம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதே மனுஷா என்று மாரப்பனைப் பார்த்து உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, தோலை உரித்துப் போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கிறது.

கல்யாணத்தன்று சீர்த்தட்டில் சாவி வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், நடுவில் மஞ்சள் தடவிய சாவிக்கொத்து. மாரப்பன் ரெண்டு கையாலும் நீட்டினார், நாச்சிமுத்து ரெண்டு கையாலும் வாங்கினார், போட்டோ எடுத்தார்கள், அந்தப் போட்டோ இப்போதும் ஆல்பத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் வந்தால் ரெண்டு ஏடாகச் சேர்த்துப் புரட்டிவிடுவார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் மறுவீட்டு விருந்தில் இலை எடுத்த பிறகு மாரப்பன் அவரைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். துண்டால் வாயை மூடிக்கொண்டு, "மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க, அந்தக் கொத்துல மண்டிச் சாவியும் கெடக்குதுங்க, நேத்து அவசரத்துல கழட்ட மறந்துபோச்சு, மண்டி தொறக்க ஆளு நிக்குது" என்றார். அந்த மனுஷன் எத்தனை வருஷமாக அந்த ரெண்டு சாவியையும் ஒரே வளையத்தில் வைத்திருந்தாரோ, ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாச்சிமுத்து சும்மா கழற்றிக் கொடுத்திருக்கலாம். மெதுவாகத்தான் கொடுக்கப் போனார். அதற்குள் அப்பா மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "அடடே, சம்மந்தி மண்டியையும் சேர்த்தே குடுத்துட்டாருன்னுல்ல நெனச்சோம்!" என்று பந்தலே கேட்கிற மாதிரி சொன்னார். பந்தலே சிரித்தது. மாரப்பனும் சிரித்தார், வேறு என்ன செய்வார். நாச்சிமுத்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியபோது கைகழுவும் அண்டாவுக்குப் பக்கத்தில் தெய்வானை நின்றிருந்தாள். கல்யாணம் ஆகி முழுசாக ஒரு நாள். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, யார் இந்த ஆள் என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பிள்ளை பெற்று, வீடு கட்டி, மருமகள் எடுத்து எல்லாம் ஆகிவிட்டது, சண்டை என்று பெரிதாக வந்ததுமில்லை. ஆனால் அந்தப் பார்வை போன இடம் தெரியவில்லை, திரும்பி வரவுமில்லை. எங்கோ வைத்திருக்கிறாள்.

அப்புறம் மாரப்பன் மகளைப் பார்க்க வருவதெல்லாம் பஸ்ஸில்தான். உடுமலையிலிருந்து உக்கடம், உக்கடத்திலிருந்து டவுன் பஸ், ஒரு கையில் இளநீர்க் கொத்து, ஒரு கையில் பலகாரப் பை. வந்தவுடன் வீட்டுக்குள் வரமாட்டார். முன்னால் நிற்கிற வண்டியை ஒரு சுற்று சுற்றி, தோளில் கிடக்கிற துண்டால் கண்ணாடியைத் துடைத்து, கீழே குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் தன் வண்டி என்றே நினைப்பு போலிருக்கிறது என்று முணுமுணுத்திருக்கிறார், தெய்வானை காதில் படும்படியே. ஒரு ஐப்பசி மாசம், அடைமழை. கிளம்புகிற நேரத்தில் மாரப்பன் தயங்கித் தயங்கி, "மாப்பிள்ளைக்கு வேலை இல்லீன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டில ஒரு எட்டு விட்டுட்டீங்கன்னா" என்றார். அப்படி அவர் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். சேறாகிவிடும், அன்றைக்குத்தான் கழுவி நிறுத்தியிருந்தது, அதுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை. "டயர் பஞ்சர் மாமா" என்றார் நாச்சிமுத்து. மாரப்பன் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். வாசலுக்குப் போகிறவர் வழக்கம் போல வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். முன்சக்கரம், பின்சக்கரம், அந்தப் பக்கம் போய் அந்த ரெண்டு. நாலும் காற்று குறையாமல் கல் மாதிரி நின்றன. பழக்க தோஷத்தில் சுற்றினாரா, பார்க்க வேண்டுமென்றே சுற்றினாரா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. திரும்பி, "சரிங்க மாப்பிள்ளை, பஸ்ஸு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தார். தலைக்கு மேலே மாடி ஜன்னல் திறந்திருந்ததா, அதில் தெய்வானை இருந்தாளா? எத்தனை முறை அந்த ஜன்னலை மனசுக்குள் அண்ணாந்து பார்த்திருக்கிறார். சில நாள் திறந்திருக்கும், சில நாள் மூடியிருக்கும். கேட்டுவிடலாம்தான், நீ பார்த்தியா என்று ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மாரப்பன் இறந்த பிறகு வண்டியைத் தொடவே பிடிக்காமல் ஷெட்டில் தள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடினார். பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னார். ரிட்டயர் ஆனபிறகு ஒரு நாள் தார்ப்பாயைத் தூக்கினால், இதைப் பளபளவென்று ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. எப்படித் தோன்றியதோ. சாம்பல் நிறத்தை முதல் வேலையாகச் சுரண்டி எடுக்கச் சொன்னார்.

"என்னங்க சார், முடிவு பண்ணீட்டீங்களா?" கிரிதரன் திரும்பி வந்துவிட்டான். போன் இன்னும் கையில். "எம்மனசுல என்னன்னு சொல்லட்டுங்களா? வெள்ளைப் பட்டை. உங்க வண்டிக் கதைக்கு அதானுங்க பொருந்தும். அம்மா, நீங்க அந்த வீடியோ பாத்தீங்கல்ல? சார் என்னமாப் பேசியிருக்காரு!" வேண்டாமுங்க, அதெதுக்கு இப்ப, கடைல வேலை கெடக்குது என்று நாச்சிமுத்து கையை ஆட்டினார், அவன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டான், பாவி. "இருங்க சார், அம்மா பாக்கட்டும்" என்று போனைத் தெய்வானையின் முகத்துக்கு முன்னால் பிடித்துவிட்டான். கடை முழுக்க நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. இது எங்கப்பா வண்டி. குன்னூர்ல ஒரு எஸ்டேட் துரைகிட்ட. என்ன ஒரு தெளிவு, என்ன ஒரு கம்பீரம், இவ்வளவு அழகாகவா சொல்லியிருக்கிறோம். டயர் கழற்றுகிற பையன்கள் ரெண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். சாகறவரைக்கும் தன் கையால ஓட்டுனாரு என்று அந்தக் குரல் சொன்னபோது தெய்வானை புதுக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு போனை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். முடிந்தது. கைதட்டல் சத்தம் கேட்டு அதுவும் முடிந்தது. "உங்க மாமனார் ஓட்டி நீங்க பாத்திருப்பீங்களேம்மா, எப்பிடி ஓட்டுவாருங்க?" என்றான் கிரிதரன். சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள், சொல்லட்டும், பூமி பிளந்தால்கூடப் பரவாயில்லை. தெய்வானை, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, அவங்களயே கேளுங்க" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து கண்ணாடி உறையை உள்ளே போட்டு மூடினாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை, பந்தை அப்படியே அவர் காலடியில் உருட்டிவிட்டாள். மூன்று பேர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆமாங்க, பிரமாதமா ஓட்டுவாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, டயரை மாட்டிக்கொண்டு போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமையும் வரும், முன்சீட்டும் காலியாகவே வரும், அவ்வளவுதானே. அவ்வளவுதான்.

"அது எங்கப்பா வண்டி இல்லீங்க" என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது, போனில் கேட்ட குரலில் பாதிகூட இல்லை. "அன்னிக்குச் சும்மா சொல்லிட்டேன். இது எங்க மாமனார் வண்டி. கல்யாணத்துல எனக்குக் குடுத்தது." கிரிதரன் ஒரு கணம் விழித்தான், உடனே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டான். "அட, இதுக்கா சார் இந்த முழி முழிக்கறீங்க! சீர்ல வந்த வண்டியா, அப்ப இன்னும் விசேஷமாச்சே! குடுத்து வெச்சவருங்க நீங்க. எங்க மாமனாரும் இருக்காரே, ஒரு சைக்கிள் பெல்லுக்குக்கூட வழியில்ல." பையன்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் லேசாகச் சிரித்துவிட்டார். ஆமாம், சிரித்துவிட்டார், மானங்கெட்ட வாய். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் வெந்து செத்தோம் என்று நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் தெய்வானை நாற்காலியை விட்டு எழுந்தாள். கிரிதரனைப் பார்த்து, கறிகாய்க்காரனிடம் எடையைத் திருத்துகிற மாதிரி நிதானமாக, "குடுக்கலீங்க. இவங்க கேட்டாங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. குடுத்தாரு, குடுத்தாரு என்றுதான் அவர் வீட்டில் எல்லாரும் சொல்லுவார்கள், அப்பா சாகும்வரை அப்படித்தான் சொன்னார், நாங்க வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்கல, அவராத்தான் குடுத்தாரு என்று. இப்போது உண்மை பேசுகிறேன் பார் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசப்போய், நாச்சிமுத்துவின் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்திருக்கிறது. முகம் தீயாக எரிந்தது. கிரிதரன் தலையைச் சொறிந்துகொண்டு அலாய் ரிம்மை இப்படியும் அப்படியும் உருட்டினான். "ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. "கேட்டோம். எங்கப்பாதான் கேட்டாரு, ஆனா நானும் அங்கயேதான் உக்காந்திருந்தேன். எனக்கு அந்த வண்டி வேணும்னு இருந்துச்சு." கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வந்துவிட்டது. சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, தரையில் கிடந்த ஒரு நட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெய்வானை ஷெட்டுக்குள் நடந்தாள். முட்டுக்கட்டை மேல் நிற்கிற வண்டியின் முன்னால் போய் நின்று, திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே தலையை விட்டு முன்சீட்டைப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தச் சீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சந்தைக்குப் போயிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், அவள் சொல்லி அல்ல, மாமியார் சொல்லி. இப்போது அழுதுவிடுவாளோ என்று பயந்தார். அழவில்லை. தலையை வெளியே எடுத்து, புடவையில் தூசி பட்டிருக்கிறதா என்று தட்டிவிட்டுத் திரும்பி, அவரை நேராகப் பார்த்தாள். "ஏனுங்க, ஞாயித்துக்கெழம நான் வரேன்" என்றாள். அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. "முன்னாடி உக்காந்துக்கறேன். பட்டுச்சேலை கட்டோணும்னாலும் கட்டிக்கறேன். ஆனா அங்க மைக்க நீட்டுனா நாந்தான் பேசுவேன். இது மாரப்பன் வண்டின்னு சொல்லுவேன், எங்கப்பாகிட்ட இருந்து எப்பிடி வாங்குனீங்கன்னும் சொல்லுவேன். அதுக்குச் சம்மதம்னா எந்தச் சக்கரமா இருந்தாலும் மாட்டச் சொல்லுங்க." நாச்சிமுத்து அந்தக் கூட்டத்தை மனசுக்குள் பார்த்தார், ரேஸ்கோர்ஸில், வெயிலில், ஜமீன் தாத்தாக்காரரும், கம்பெனி பழைய சிநேகிதர்களும், எதிர்வீட்டு அம்மாவும், எல்லாரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்புவதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது, அவள் ஒன்றும் வற்புறுத்தமாட்டாள், வீட்டுக்குப் போய் ராத்திரிக்கு ரசம் வைப்பாள். "அப்ப எது சார் மாட்டறது?" என்றான் கிரிதரன், மெதுவாக, இருக்கிற இடம் தெரியாமல். மூன்று மாதம் ராத்தூக்கம் இல்லாமல் தேடி எடுத்த சக்கரங்கள் மூன்றும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. நாச்சிமுத்து அந்தப் பக்கம் திரும்பாமலே, கைக்கு எட்டியதைத் தொட்டு, "இதை மாட்டுங்க" என்றார்.